பாதாள பாரிஸ்

நிலத்தடி வரலாறு – 9

1774 டிசம்பர் 17. பாரிஸின் தெற்கு எல்லையில், ஆர்லியான் பக்கம் போகும் சாலை சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு அப்படியே உள்ளே இறங்கியது. பூகம்பம் இல்லை, மழை வெள்ளமும் இல்லை. சாலை இருந்த இடத்தில் 20 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ரோமானியர்களின் பெருஞ்சாக்கடை சென்ற இதழோடு முடிந்தது. அது திட்டம் போட்டு, கணக்குப் பார்த்து, அரசன் காசில் கட்டியது. பாரிஸின் கதை வேறு. இங்கே சுரங்கம் வேண்டும் என்று யாரும் சுரங்கம் தோண்டவில்லை. கல் வேண்டியிருந்தது, எடுத்தார்கள், போய்விட்டார்கள். மிஞ்சிய வெற்றிடத்தைப் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையும் தன் தோதுக்கு வளைத்துக்கொண்டது.

சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடல். சிப்பியும் சங்கும் படிந்து இறுகிய வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் அடுக்கின் மேல்தான் நகரம் உட்கார்ந்திருக்கிறது. ரோமானியர்கள் அதை மேட்டுச் சரிவுகளில் திறந்தவெளியாகவே வெட்டி எடுத்தார்கள். இடைக்காலத்தில் மேல்மண்ணில் வயலும் திராட்சைத் தோட்டமும் பெருகிவிட்டன. நிலத்தைக் கெடுக்க முடியாது. ஆகவே கிணறு போல் இறங்கி, அடியில் பக்கவாட்டில் குடைய ஆரம்பித்தார்கள். நோத்ர தாம் தேவாலயமும் பழைய லூவ்ர் கோட்டையும் இப்படி எழுந்தவைதான். நகரம் தன் காலடி மண்ணைப் பறித்துத் தன் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டது.

குவாரிக் கிணற்றின் வாயில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு மரச்சக்கரம் நிற்கும். அதன் விளிம்பு நெடுக மரமுளைகள். கூலியாட்கள் அந்த முளைகளில் ஏணி ஏறுவது போல ஏறுவார்கள். ஏறுகிறவன் மேலே போவதில்லை. அவன் எடையில் சக்கரம்தான் சுழலும், கயிறு அச்சில் சுற்றும், அடியில் கட்டியிருக்கும் கல் அங்குலம் அங்குலமாக மேலே வரும். கீழே இருப்பவர்கள் தொடக்கத்தில் பாறையிலேயே தூண்களை விட்டுவைத்துக் குடைந்தார்கள். தூணாக நிற்பதும் காசு பெறும் கல்தானே என்ற எண்ணம் பிறகு வந்தது. அதையும் எடுத்துவிட்டு, உடைந்த சல்லியைச் சுவர் வைத்து அடைத்து, கையால் கல் மேல் கல் அடுக்கிக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் கிணற்றை மூடிவிட்டு அடுத்த நிலத்துக்கு நகர்ந்தார்கள். வரைபடம் என்று ஒன்றை யாரும் போடவில்லை. நகரம் மெல்லத் தெற்கே பரவி, மறந்துபோன அந்தப் பொந்துகளின் மேல் வீடு, மடம், அரண்மனை எல்லாம் கட்டிக்கொண்டது.

பொந்து சும்மா இருக்காது. கூரையிலிருந்து ஒரு கல் விழும். அதற்கு மேலிருக்கும் கல்லுக்குப் பிடிமானம் போகும். இப்படி விழுந்து விழுந்து, வெற்றிடம் மணி வடிவத்தில் மேல்நோக்கி வளரும். பல ஆண்டுகள் கழித்து அது தெருவின் அடித்தோலைத் தொடும்போது மேலே போகும் வண்டிச் சக்கரத்தின் பாரமே போதும்.

1774-ல் நடந்தது அதுதான். அதன் பிறகும் அங்கங்கே தரை உள்வாங்கவே, மன்னர் 16-ம் லூயியின் அரசு 1777 ஏப்ரலில் குவாரிகளுக்கென்று தனி ஆய்வுத் துறையை ஏற்படுத்தியது. பொறுப்பு சார்ல் அக்ஸெல் கியோமோ என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. ஸ்டாக்ஹோமில் பிறந்த பிரெஞ்சுக்காரர் அவர். பதவியேற்ற நாளன்றே அதே சாலையில் ஒரு வீடு பூமிக்குள் போயிற்று.

கியோமோவின் முறை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. தெருவுக்கு நேர் கீழே, தெருவின் போக்கிலேயே ஒரு நடைபாதையைக் குடைந்துகொண்டு போவது. வழியில் பொந்து தட்டுப்பட்டால் அதை அளந்து வரைபடத்தில் ஏற்றுவது. தேவைப்படும் இடத்தில் சுவர் எழுப்பி, தூண் நிறுத்தி முட்டுக் கொடுப்பது. ஒவ்வொரு முட்டுச் சுவரிலும் மூன்று விவரம் செதுக்க வேண்டும்: வரிசை எண், பொறுப்பாளரின் பெயரின் முதலெழுத்து, ஆண்டு. கூடவே மேலே இருக்கும் தெருவின் பெயர். இந்தப் பழக்கத்தால் பூமிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பாரிஸுக்கு இரண்டு தெருப் படங்கள் உண்டாகிவிட்டன. மேலே ஆட்சி மாறும்போதெல்லாம் தெருப் பெயரும் மாறியது. கீழே பழைய பெயர்கள் அப்படியே நிற்கின்றன. புரட்சிக்காரர்கள் கீழேயும் இறங்கி, அரச முத்திரையான லில்லிப் பூவை மட்டும் உளியால் கொத்திவிட்டுப் போன தடங்கள் இன்றும் தெரிகின்றன.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. துறை முதலில் காப்பாற்ற வந்தது அரசனின் சாலைகளையும் அரசின் கட்டடங்களையும். பக்கத்து மனைக்காரன் வீட்டுக்கு அடியில் பொந்து இருந்தால் அது அவன் பாடு.

கியோமோவையும் புரட்சி சும்மா விடவில்லை. பதவி போயிற்று, சிறையும் பார்த்தார். ஆனால் அவர் தலையில் இருந்த வரைபடம் வேறு யார் தலையிலும் இல்லை. மறுபடி அழைத்து அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 1807-ல் சாகும்வரை அந்த வேலைதான். பாரிஸ் என்றதும் கோபுரம் கட்டிய ஈஃபிலின் பெயர் எல்லோருக்கும் வாயில் வருகிறது. நகரமே உள்ளே போய்விடாதபடி அடியில் முட்டுக் கொடுத்தவனைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கட்டியவனுக்குக் கிடைக்கும் பேர் தாங்கிப் பிடித்தவனுக்குக் கிடைப்பதில்லை.

கியோமோவின் ஆட்களில் தெக்யூர் என்று ஒருவர். முன்னாள் சிப்பாய். மத்தியதரைக் கடலில் மினோர்கா தீவின் மஹோன் துறைமுகக் கோட்டையில் கைதியாக இருந்தவர். 1777 முதல் 1782 வரை, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு குவாரி மூலையில், கிடைத்த நேரத்திலெல்லாம் அந்தக் கோட்டையைப் பாறைச் சுவரில் செதுக்கிக்கொண்டிருந்தார். கொத்தளம், படிக்கட்டு, வாசல், ஜன்னல் எல்லாம் முழுக்க முழுக்க நினைவிலிருந்து. முடிந்ததும், மற்றவர்களும் வந்து பார்க்கட்டும் என்று ஒரு படிக்கட்டு வெட்ட ஆரம்பித்தார். வெட்டும்போது கூரை சரிந்தது. அதில் காயம்பட்டு இறந்துபோனார். கோட்டை மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. எலும்புக் கிடங்கைப் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

எலும்புக் கிடங்கு வந்த கதை நகரின் நடுவில் இருந்த அப்பாவிகள் மயானத்தில் தொடங்குகிறது. நூற்றாண்டுக் கணக்கில் பிணத்தின் மேல் பிணமாகப் புதைத்ததில் மயானத்தின் தரை சுற்றுத் தெருக்களைவிட 2 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டது. 1780-ல் பக்கத்து வீடு ஒன்றின் நிலவறைச் சுவர் அந்தப் பாரம் தாங்காமல் உடைந்து, மயானம் வீட்டுக்குள் வந்துவிட்டது. சுற்றுவட்டாரம் கொதித்தது, மயானத்தை மூடினார்கள். அங்கே இருந்த எலும்பையெல்லாம் என்ன செய்வது? கியோமோ முட்டுக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருந்த குவாரி கைவசம் இருந்தது. 1786 ஏப்ரல் 7-ல் பாதிரிமார் வந்து அந்த இடத்தைப் புனிதப்படுத்தினார்கள். அதன் பிறகு இரவு நேரங்களில், கறுப்புத் துணி மூடிய வண்டிகள் வரிசையாகத் தெற்கு நோக்கிப் போயின. முன்னால் பாதிரிமார் ஜெபம் சொல்லியபடி நடந்தார்கள்.

ஒரு மயானத்தோடு நிற்கவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளில் நகரத்தின் பழைய மயானங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் கீழே வந்து சேர்ந்தன. மொத்தம் 60 லட்சம் பேரின் எலும்புகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதலில் வெறும் குவியல்தான். கியோமோவுக்குப் பின் வந்த எரிகார் த தூரிதான் 1810 வாக்கில் தொடை எலும்பையும் மண்டையோட்டையும் வரிசையாக அடுக்கிச் சுவராக்கி, காட்சிப் பொருளாக மாற்றினார். முகப்பு மட்டும்தான் அழகு. அந்தச் சுவருக்குப் பின்னால் இன்றும் குவியல்தான். பிரபுவும் பிச்சைக்காரனும் கில்லட்டினில் தலை போனவனும் ஒரே அடுக்கில் கிடக்கிறார்கள். கியோமோவைப் புதைத்த மயானமும் பின்னாளில் காலி செய்யப்பட்டு எலும்புகள் கீழே இறங்கின. இடம் பார்த்துக் கொடுத்தவருக்கும் கடைசியில் அங்கேதான் இடம்.

செத்தவர்கள் ஒரு மூலையை எடுத்துக்கொண்டால், மீதி இடத்தை உயிரோடு இருப்பவர்கள் விடுவார்களா? குவாரிக்குள் கோடையோ குளிரோ வெப்பம் ஏறக்குறைய 14 டிகிரிதான். இருட்டுக்குப் பஞ்சமில்லை. மேலே நகரம் முழுக்கக் குதிரை வண்டிகள், ஆகவே சாணத்துக்கும் பஞ்சமில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் காளான் விளையும். 19-ம் நூற்றாண்டில் நீளநீளமாகச் சாணப் பாத்தி கட்டிக் குவாரிகளில் வெள்ளைக் காளான் பயிரிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கக் கடைகளில் கிடைக்கும் அந்த உருண்டைக் காளானுக்குப் பிரெஞ்சில் பாரிஸ் காளான் என்றே பெயர். பீர் காய்ச்சுகிறவர்களும் குளிர்ச்சியைத் தேடி இறங்கினார்கள். மெட்ரோ ரயிலும் கட்டடங்களும் வந்த பிறகுதான் காளான்காரர்கள் நகருக்கு வெளியே நகர்ந்தார்கள்.

1861-ல் இறங்கியவர் நாதார். பலூனில் ஏறி வானத்திலிருந்து பாரிஸைப் படம் பிடித்த அதே புகைப்படக்காரர். சூரிய வெளிச்சம் இல்லாமல் புகைப்படம் எடுக்க முடியாது என்று இருந்த காலத்தில், மின்கலங்களைச் சுமந்துகொண்டு போய், வில்விளக்கு ஏற்றி எலும்புச் சுவர்களைப் படம் பிடித்தார். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை வெளிச்சம் வாங்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் எந்தத் தொழிலாளி நிற்பான்? பொம்மைகளுக்குத் தொழிலாளியின் உடுப்பு மாட்டி நிற்கவைத்தார். அந்தப் படங்களில் எலும்பு வண்டியோடு நிற்பவர் பொம்மை, எலும்புதான் அசல். பிறகு பாதாளச் சாக்கடைகளையும் படம் எடுத்தார்.

சாக்கடை என்றதும் வழி பிரிகிறது. குவாரி தானாக மிஞ்சிய பொந்து. சாக்கடை நகரம் திட்டமிட்டுப் போட்டது. ஆனாலும் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கே என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாத நிலைதான். நெப்போலியன் காலத்தில், 1805-ல் தொடங்கி, புருன்ஸோ என்ற அதிகாரி விளக்கும் ஆட்களுமாக இறங்கிச் சில ஆண்டுகள் அலைந்து முழுவதையும் ஆராய்ந்தார். விக்தோர் யூகோ பின்னர் தன் பெருநாவலில், காயம்பட்ட இளைஞனைத் தோளில் சுமந்து ழான் வல்ழானை நடக்கவிட்டது இந்தச் சாக்கடைகளில்தான். கழிவுநீருக்குச் சரியான வழி இல்லாத நகரத்தில் 1832-ல் காலரா வந்து பாரிஸில் மட்டும் 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாவல் வெளிவந்த 1862-ல் நிலைமை மாறிக்கொண்டிருந்தது: பொறியாளர் பெல்கிராண் புதிய பாதாளச் சாக்கடைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெல்கிராண் கட்டியவற்றில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். கழிவுநீர் தரையில் ஓடும். மேல்வளைவில் குடிநீர்க் குழாய் தொங்கும். பின்னாளில் காற்றழுத்தத்தால் கடிதம் அனுப்பும் குழாய்களும் அங்கேயே ஏறின. 1866-ல் தொடங்கிய அந்தக் கடிதச் சேவை 1984 வரை ஓடியது. ஒவ்வொரு முனையிலும் தெருப் பெயர்ப் பலகை. கியோமோவின் பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது.

அடைப்பு எடுத்த விதம் பார்க்க வேண்டிய ஒன்று. சேன் நதியைக் குறுக்கே கடக்க ஆற்றின் அடியில் போட்ட பெருங்குழாய்க்குள் ஆள் இறங்க முடியாது. அதற்காகக் குழாயின் விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய மரப்பந்து ஒன்றை உள்ளே விட்டார்கள். பந்து மிதக்கப் பார்க்கும், கூரையில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீருக்குப் பந்துக்கும் குழாயின் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்குதான் வழி. அந்த இடுக்கில் தண்ணீர் பீய்ச்சி அடித்து மணலையும் சேற்றையும் கிளப்பித் தள்ளும். பந்து பின்னாலேயே உருண்டு வரும். இயந்திரம் இல்லை, செலவு இல்லை. 1867 உலகக் கண்காட்சிக்கு வந்த சீமாட்டிகள் தொப்பியும் குடையுமாகப் படகேறி இந்தச் சாக்கடைகளைச் சுற்றிப் பார்த்தது அன்றைய நாகரிகம்.

சாக்கடைக்குள் ஒரு நதியே போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் பியேவ்ர்.

பாரிஸுக்குத் தென்மேற்கே கியாங்கூரில் பிறந்து, சுமார் 35 கி.மீ. ஓடி, நகருக்குள் சேனில் கலந்த சிற்றாறு அது. 15-ம் நூற்றாண்டில் கொப்லான் என்ற சாயக்காரக் குடும்பம் அதன் கரையில் பட்டறை போட்டது. 17-ம் நூற்றாண்டில் 14-ம் லூயியின் அமைச்சர் கொல்பேர் அதே இடத்தை அரசின் திரைச்சீலைத் தொழிற்கூடமாக்கினார். ஆற்றின் மேல்பக்கம், ழூயி என்ற ஊரில், 1760-ல் ஓபர்காம்ப் துணி அச்சுத் தொழிலைத் தொடங்கினார். அன்று ஐரோப்பாவையே மயக்கிய இந்தியச் சித்திரத் துணிக்கு உள்ளூரில் போட்டி கொடுப்பதுதான் அவர் கணக்கு. பியேவ்ர் கரையில் தோல் பதனிடுவோர், சலவைக்காரர், மில்காரர் என்று வரிசை நீண்டது. குளிர்காலத்தில் ஆற்றோரத் தாழ்நிலங்களில் உறையும் பனிக்கட்டியை வெட்டி நிலவறையில் வைத்துக் கோடையில் விற்பதும் ஒரு தொழில். அந்தப் பகுதியின் மெட்ரோ நிலையத்துக்கு இன்னும் பனிக்கிடங்கு என்றே பெயர்.

எல்லோரும் எடுத்தார்கள், எல்லோரும் கொட்டினார்கள். சாயமும் சுண்ணாம்பும் தோலில் சுரண்டிய சதையும் கலந்து ஆறு குழம்பாகிப் போனது. சுத்தம் செய்வதைவிட மூடுவது சுலபம் என்று நகராட்சி முடிவெடுத்து, பகுதி பகுதியாக மேலே வளைவு கட்டியது. 1912-ல் கடைசித் துண்டும் மறைந்தது. பாரிஸின் எல்லைக்குள் பியேவ்ர் இன்று நடைபாதையில் பதித்த வட்டத் தகடுகளாக மட்டும் தெரிகிறது. புறநகர்களில் கதை திரும்பியிருக்கிறது: 2022-ல் ஆர்க்கே, ஜான்தியி ஊர்களின் நடுவே மேல்மூடியை உடைத்து ஆற்றின் ஒரு பகுதியை வெளியே கொண்டுவந்தார்கள். மூடச் செலவழித்ததைப் போல் திறக்கவும் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

1944 ஆகஸ்ட்டில் குவாரிகளின் ஆழம் வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாரிஸ் எழுச்சியை நடத்திய கர்னல் ரோல், ஆகஸ்ட் 20-ம் தேதி தன் தலைமையகத்தை தான்ஃபேர்-ரோஷரோ சதுக்கத்துக்கு 20 மீட்டர் கீழே இருந்த பதுங்கறைக்கு மாற்றினார். 1774-ல் உள்வாங்கிய சாலை அந்தப் பக்கம்தான். ரோலின் இயற்பெயர் ஆன்ரி தாங்கி. உலோகத் தொழிலாளி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வதேசப் படையணியில் போரிட்டவர். அங்கே பலியான தோழர் ரோலின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். போருக்கு முன் குடிநீர், கழிவுநீர்த் துறைக்காகக் கட்டிய அந்தப் பதுங்கறையில் துறைக்கென்றே தனித் தொலைபேசி வலை இருந்தது. ஊர்ப் பொதுத் தொலைபேசி நிலையத்தை அது தொடவே இல்லை. ஜெர்மானியர்கள் ஒட்டுக்கேட்க வழியில்லை. நகரத்தின் பல மூலைகளிலிருந்து செய்தி கீழே வந்தது, உத்தரவு மேலே போயிற்று. ரோலின் மனைவி செசீல் அங்கேதான் உத்தரவுகளைத் தட்டச்சு செய்தார். வேடிக்கை என்னவென்றால், இதே குவாரி மண்டலத்தில், மோந்தேன் பள்ளிக்கு அடியில் ஜெர்மானியர்களும் ஒரு பதுங்கறை வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 25-ல் ஜெர்மானியத் தளபதி ஷோல்டிட்ஸ் சரணடைந்தார். ரோலின் பதுங்கறை 2019 முதல் ஓர் அருங்காட்சியகத்தின் பகுதி. 100 படி இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

இப்போது நகரத்தின் அடியில் சுமார் 300 கி.மீ. குவாரிப் பாதைகள் இருக்கின்றன. எலும்புக் கிடங்கின் 1.5 கி.மீ. பாதைக்கு டிக்கெட் உண்டு. மற்ற இடங்களில் அனுமதியில்லாமல் நுழைவது 1955 முதல் குற்றம். குற்றம் என்றால் நின்றுவிடுமா? 2004-ல் ஷாயோ அரண்மனைக்கு அடியில் ரோந்து போன போலீசார், பாறையில் செதுக்கிய இருக்கைகளோடு ஒரு முழு சினிமா அரங்கையே கண்டார்கள். திரை, புரொஜெக்டர், பக்கத்தில் மது விடுதி, மின்சாரம், தொலைபேசி எல்லாம் இருந்தன. சில நாள் கழித்து நிபுணர்களோடு வந்தபோது மின்கம்பி துண்டிக்கப்பட்டு, தேட வேண்டாம் என்று ஒரு சீட்டு மட்டும் கிடந்தது. 2017-ல் திருடர்கள் குவாரிப் பக்கமிருந்து சுவரைத் துளைத்து, லக்ஸம்பூர் தோட்டத்துக்கு அருகில் ஒரு நிலவறையிலிருந்து 300-க்கும் மேற்பட்ட விலையுயர்ந்த ஒயின் பாட்டில்களைக் கொண்டுபோனார்கள்.

கியோமோவின் துறை மூடப்படவில்லை. இன்றும் பாரிஸ் நகராட்சியின் கீழ் இயங்குகிறது. பிரெஞ்சுச் சட்டப்படி மனைக்குச் சொந்தக்காரர் அதன் அடியில் இருப்பதற்கும் சொந்தக்காரர். குவாரி இருக்கும் வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் இந்தத் துறையைக் கேட்க வேண்டும். கீழே பொந்து இருந்தால், சிமென்ட் குழம்பை இறக்கி அடைப்பதோ தூண் இறக்குவதோ அவருடைய செலவு.

(தொடரும்)

அடுத்த இதழில்: பாரசீகப் பாலைவனத்தின் அடியில் ஓடும் கனாத் கால்வாய்கள்